ஒண்ணுமில்ல, கிளம்பி வாங்க

ஓஸ்கெமென் விமான நிலையத்துக்கு வெளியே பாப்லர் மரத்தடியில் நிற்கிற வாடகைக் கார்க்காரர்கள் வானத்தைப் பார்க்கிற பார்வையே வேறு. ஊரெல்லாம் வானம் தெளியட்டும் என்று கேட்கும். இவர்கள் காற்றடிக்கட்டும் என்று கேட்பார்கள். ஜைசானுக்குப் போகிற சின்ன விமானம் ஐம்பது நிமிடத்தில் போய் இறங்கிவிடும். ஆனால் ஜைசான் பக்கம் காற்று எழும்பிவிட்டால் அது இங்கே தரையை விட்டு நகராது. அப்போது பயணிகள் மூட்டை முடிச்சோடு மரத்தடிக்குத்தான் வந்தாக வேண்டும். காரில் போனால் ஒன்பது மணி நேரம். ரோட்டில் பனி கிடந்தால் அதற்கும் மேலே.

விமானம் பறக்காத நாளில்தான் மரத்தடியில் இருப்பவர்கள் வீட்டில் கறி வேகும். சபிர்பெக் வீட்டிலும் அப்படித்தான். இருபது வருடமாக அவர் அந்த ரோட்டில் ஓட்டுகிறார். ஆனால் ஒரு நாளும் அவர் காற்றுக்காக துஆ கேட்டதில்லை.

"என்ன முல்லா அகா, இன்னிக்காவது காத்துக்கு ஒரு துஆ கேளுங்களேன். உங்க வாயால கேட்டா மேல சட்டுனு எடுபடும்," என்று ஓரல்கான் சீண்டுவான். மரத்தடிக்காரர்களில் அவனுக்குத்தான் வாய் நீளம்.

"ஒருத்தன் பயணம் கெட்டாத்தான் நமக்கு ரொட்டின்னு அல்லா எழுதி வெச்சிருந்தா அவனே காத்தை அனுப்புவான். நாம போய் ஞாபகப்படுத்தணுமா?"

"அனுப்புறான், அனுப்புறான். உங்க டயரைப் பாத்தாலே தெரியுதே, எவ்வளவு அனுப்பியிருக்கான்னு!"

சபிர்பெக்கின் டயர் நான்கும் முட்டை ஓடு மாதிரி வழுவழுவென்று இருக்கும். அவரும் சேர்ந்துதான் சிரிப்பார். பள்ளிக்கூடத்தில் நாலு வகுப்பு தாண்டாதவர். மனைவி மவுத்தாகிப் பல வருடம் ஆயிற்று. கல்யாணமான மகன் தூரத்தில் ஒரு ஆட்டுப் பண்ணையில் இருக்கிறான். இருந்தாலும் அவரிடம் கொடுத்தால் எதுவும் சிந்தாமல் சிதறாமல் போய்ச் சேரும் என்று ஜைசான் முழுக்கப் பேர். பால் கொடுத்தாலும் அப்படி, செய்தி கொடுத்தாலும் அப்படி.

செய்தி என்றால் சாவுச் செய்தி.

அந்தப் பக்கத்தில் சாவைப் போனில் சொல்ல மாட்டார்கள். தகப்பன் மவுத்தாகிவிட்டான், மகன் ஓஸ்கெமெனில் இருக்கிறான் என்றால், "ஒண்ணுமில்ல, கிளம்பி வா" என்று மட்டும்தான் போன் போகும். வீடு வந்து சேர்ந்த பிறகு பெரியவர்கள் நாலு பேர் பக்கத்தில் உட்கார்ந்து, தோளைத் தொட்டு, பேச்சைச் சுற்றி வளைத்துக் கொண்டுவந்து, மெல்ல இறக்குவார்கள். துக்கத்தைத் தனியாகத் தாங்க யாரையும் விடக்கூடாது என்பது அவர்கள் எண்ணம். அதனால் அப்படி வருகிறவனை நம்பிக்கையான ஒருவர் கூட்டி வர வேண்டும். காற்றடிக்கிற நாளாக இருந்தால் அந்த ஒருவர் சபிர்பெக்தான். விவரம் அவருக்குத் தெரியும். பின்சீட்டில் இருப்பவனுக்குத் தெரியாது. ஒன்பது மணி நேரமும் அவர் பொய்யும் சொல்ல மாட்டார், உண்மையும் சொல்ல மாட்டார். கேட்டால், "அல்லா பெரியவன்பா, போய்ச் சேருவோம்" என்பார். சமர் கிராமத்தில் வண்டியை நிறுத்தி, பால் டீயும் பவுர்சாக் என்கிற பொரித்த ரொட்டியும் வாங்கிக் கொடுத்து, அவன் தின்று முடிக்கும்வரை பக்கத்திலேயே இருப்பார்.

இப்படியே வருடங்கள் போனதில் அவர் முகமே சாவோலை ஆகிவிட்டது. ஒருமுறை ரொட்டிக் கடையில் வேலை பார்க்கிற ஒரு பெண்ணைத் தேடிப் போனார். கதவைத் திறந்தவள் அவரைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் கூடி, தண்ணீர் தெளித்து, முக்காடு சரிசெய்து, ஆளுக்கொரு பக்கம் ஒப்பாரிக்குத் தயாரானார்கள். அவர் கொண்டுவந்திருந்ததோ அவளுடைய அம்மா கொடுத்தனுப்பிய ஒரு மூட்டை குதிரைக் கறி.

"அம்மா நல்லா இருக்காங்க மகளே, கறியைச் சீக்கிரம் உப்புல போட்டுடச் சொன்னாங்க," என்று அவர் நாலு தரம் சொன்ன பிறகுதான் அழுகை நின்றது. அதற்குப் பிறகு அவள் அவரைத் திட்டிய திட்டைக் கேட்டு ஓரல்கான் ஒரு மாதம் சிரித்தான்.

அந்த மார்ச் மாதத்தில் சபிர்பெக்கின் காருக்கு கியர்பாக்ஸ் போய்விட்டது. ஓஸ்கெமெனில் ஒரு ரஷ்ய மெக்கானிக்கின் கொட்டகையில் காரை விட்டுவிட்டு, சாமான் வரும்வரை அவரும் அங்கேயே ஒரு கட்டிலில் கிடந்தார். அப்போதுதான் தல்கத்திடமிருந்து போன் வந்தது.

தல்கத் அவருடைய அக்கா கதிஷாவின் மகன். அங்கே அக்காவை அப்கே என்பார்கள், தாய்மாமனை நகாஷி என்பார்கள். நகாஷியைக் கேலி செய்வதும், அவர் வீட்டில் கண்ணில் பட்டதைத் தூக்கிக்கொண்டு போவதும் அக்கா பிள்ளைக்குப் பிறப்புரிமை. தல்கத் அதில் ஒரு குறையும் வைத்ததில்லை. 'கிழட்டு ஆட்டுக்கிடா' என்று கூப்பிடாமல் அவன் போனில் பேச்சையே ஆரம்பிக்க மாட்டான்.

அன்றைக்கு, "நகாஷி, சலாம். நல்லா இருக்கீங்களா?" என்றான்.

சபிர்பெக் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார். "என்னடா, மரியாதையெல்லாம் பலமா இருக்கு?"

"ஒண்ணுமில்ல நகாஷி. நாளைக்குக் காலையில விமானத்துல வந்துடுங்க. டிக்கெட் எடுத்தாச்சு."

"விமானத்துலயா? எனக்கா? வண்டி இன்னும் நாலு நாள்ல சரியாயிடும்டா."

"வண்டி கிடக்கட்டும். நீங்க வாங்க."

"அப்கே எங்க? போனை அவங்ககிட்ட குடு."

அந்தப் பக்கம் ஏதோ சரசரத்தது. பிறகு யாரோ மூக்கை உறிஞ்சுகிற மாதிரி ஒன்று கேட்டது. "அவங்க இப்ப பேச முடியாது நகாஷி. ஒண்ணுமில்ல, கிளம்பி வாங்க."

போன் நின்றுவிட்டது. சபிர்பெக் அதைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார். அந்த வார்த்தைகளின் வளைவு நெளிவெல்லாம் அவருக்கு அத்துப்படி. எந்த இடத்தில் குரல் இறங்கும், எந்த இடத்தில் மூச்சு வாங்கும் என்பது வரை தெரியும். போன தடவை ஊரிலிருந்து கிளம்பும்போது அப்கே இருமிக்கொண்டே இருந்தாள். "மருந்து சாப்பிட்டியா?" என்று கேட்டதற்கு, "உன் டயரைவிட என் நெஞ்சு திடமாத்தான் இருக்கு, போ" என்றாள். கடைசியாகப் பேசியது அதுதான்.

அவருக்கு ஆறு வயதாகும்போது தாய் போய்விட்டாள். அதற்குப் பிறகு அவருக்குத் தாய் என்றால் கதிஷாதான். பெண் கேட்டு வந்தவர்களிடம், "என் தம்பி குதிரையில தானா ஏறி உட்காருற நாள் வரட்டும், அப்புறம் பாக்கலாம்" என்று சொன்னவள் அவள். குர்ஆனிலிருந்து அவருக்கு முதல் சூராவைச் சொல்லிக் கொடுத்ததும் அவள்தான். அடுப்புக்குச் சாணி எரு அடுக்கிக்கொண்டே, ஒரு வரி எரு, ஒரு வரி சூரா என்று மனப்பாடம் செய்ய வைத்தாள். இன்றைக்கும் தொழுகையில் அந்த சூராவை ஓதும்போது அவர் மூக்கில் எருப்புகை வாசம் வரும்.

அன்று இரவு அவர் தூங்கவில்லை. விடிந்ததும் விமான நிலையத்துக்குப் போனார்.

உள்ளே கூட்டம் பெட்டிகளின்மேல் உட்கார்ந்திருந்தது. ஜைசானில் காற்று. எப்போது அடங்கும் என்று தெரியாது, காத்திருங்கள் என்றார்கள். அவர் வெளியே வந்தார். மரத்தடியில் மூன்று கார் நின்றது. ஓரல்கான் துடைத்துப் பளபளப்பாக்கிய தன் வண்டியின்மேல் சாய்ந்து சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தான்.

"அடடே, முல்லா அகா! வண்டி இல்லாம வந்திருக்கீங்க? எங்க அதிர்ஷ்டத்தைப் பாத்துட்டுப் போலாம்னா? காத்தைப் பாத்தீங்களா, நான்தான் துஆ கேட்டேன்!"

"நான் பயணியா வந்திருக்கேன் ஓரல்கான். ஜைசானுக்கு."

"நீங்களா? விமானத்துலயா? யாரு டிக்கெட் எடுத்தது?"

"அப்கே பையன். ஒண்ணுமில்ல, கிளம்பி வாங்கன்னான்."

ஓரல்கான் வாயிலிருந்த விதையைத் துப்பினான். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். அவனும் அந்த ரோட்டில் ஓட்டுகிறவன்தானே, அதற்கு மேல் அவனுக்கு எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

"ஏறுங்க," என்றான். "இப்பவே கிளம்புவோம். பணம் கிணம்னு வாயைத் திறந்தீங்க, வயசைப் பாக்க மாட்டேன்."

சபிர்பெக் ரோட்டைப் பார்த்தார். இப்போது கிளம்பினால் போய்ச் சேர இருட்டிவிடும். அடக்கம் மதியத்து லுஹர் தொழுகைக்குப் பிறகு இருக்கும். பிடி மண் போட அவருக்குக் கொடுத்து வைக்காது. விமானம் பறந்தால் முகத்தையும் பார்க்கலாம், மண்ணும் போடலாம். ஆனால் காத்திருந்து, அது பறக்காமலே போனால் நடுராத்திரிக்குத்தான் ரோட்டு வழியில் போய்ச் சேர முடியும்.

"எனக்கு ஒரு முடிவும் எடுக்க வரலை ஓரல்கான்," என்றார். இருபது வருடமாக எத்தனையோ பேருக்கு வழி சொன்னவர் குழந்தை மாதிரி நின்றார்.

"அப்ப கேட்டுடுவோம்," என்றான் ஓரல்கான். மற்ற இரண்டு டிரைவர்களையும் கைதட்டிக் கூப்பிட்டான். "எறங்குங்கடா! கையைத் தூக்குங்க!"

நாலு பேரும் மரத்தடியில் நின்று கையை ஏந்தினார்கள். ஓரல்கானே கேட்டான்: "யா அல்லா, எனக்குச் சரியா கேக்கத் தெரியாது. காலையில காத்து வேணும்னு கேட்டவனும் நான்தான், அதைக் கணக்குல வெச்சுக்காதே. இந்த மனுஷன் ஒரு நாளும் உன்கிட்ட காத்து கேட்டதில்லை. அவருக்காக இன்னிக்கு ஒரு நாள் எங்க பொழப்புல மண்ணைப் போடு. காத்தை நிறுத்து. ஆமீன்."

"ஆமீன்," என்றார்கள் மற்றவர்கள், முகத்தைக் கையால் தடவிக்கொண்டு. அவர்களில் ஒருவன் வீட்டில் அன்றைக்குத்தான் மாவு தீர்ந்திருந்தது, அது மரத்தடிக்கே தெரியும். அவனும் வாய் நிறையத்தான் ஆமீன் சொன்னான்.

ஒரு கெட்டில் டீ கொதித்து இறக்குகிற நேரம்தான் ஆகியிருக்கும். உள்ளேயிருந்து ஒலிபெருக்கி ஜைசான் பயணிகளை அழைத்தது.

"ஓடுங்க அகா!" என்று ஓரல்கான் அவர் முதுகில் தட்டினான். அவனுடைய பளபளப்பான வண்டி காலியாகவே நின்றது. "நான் இங்கேர்ந்தே அப்கேக்கு ஒரு யாசீன் ஓதிடுறேன். பாதிதான் மனப்பாடம். பாதியை ரெண்டு தரம் ஓதுறேன்!" யாசீன், மவுத்தானவர்களுக்காக ஓதுகிற சூரா.

விமானம் ஏறியது. சபிர்பெக் ஜன்னலோரமாக உட்கார்ந்து கீழே பார்த்தார். கல்பா மலை சுருட்டி வைத்த கம்பளி மாதிரி கிடந்தது. அதன் ஓரமாக ஒரு நூல். அது தன்னுடைய ரோடு என்று புரியவே அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. பனிக்கு டயரில் சங்கிலி மாட்டி அழுதுகொண்டே ஏறிய மேடெல்லாம் அந்த நூலில் ஒரு முடிச்சாகக்கூடத் தெரியவில்லை. பக்கத்து சீட்டுக்காரர் மிட்டாய் பிரித்து வாயில் போடுவதற்குள் சமர் போய்விட்டது. ரோட்டில் போனால் அந்த இடத்தில் டீ குடித்து, காலை நீட்டி, வானத்தைப் பார்த்து, மறுபடி கிளம்புவார்கள். கொக்பெக்தியும் வந்தது, போயிற்று.

தன் வண்டியில் வந்தவர்களை அவர் நினைத்துக்கொண்டார். சமரில் டீ குடித்து முடித்த பிறகும், "இன்னொரு டீ குடிக்கலாமா அகா?" என்று கேட்டவர்கள் எத்தனை பேர்! பாவம், குளிருகிறது போலிருக்கிறது என்று வாங்கிக் கொடுப்பார். குளிர் இல்லை அது. வழி நீளட்டும் என்று கேட்டிருக்கிறார்கள். வீடு போய்ச் சேராதவரை தகப்பன் உயிரோடு இருக்கிறான். இந்த ஒன்பது மணி நேரம் எவ்வளவு கொடுமை என்று அவர் எத்தனையோ தரம் வருத்தப்பட்டிருக்கிறார். இப்போது ஐம்பது நிமிடம் போதவில்லை. காலையில் பறக்க வேண்டுமே என்று துடித்தவர், இறங்காமல் இன்னும் கொஞ்சம் பறந்தால் என்ன என்று தவித்தார். இறங்கும்வரை அப்கே இருக்கிறாள்.

ஜைசான் ஏரி வெள்ளைத் தட்டு மாதிரி தெரிந்தது. சவூர் மலையின் பனி தெரிந்தது. இறங்கிவிட்டது.

தல்கத் வாசலில் நின்றான். கீழ் உதட்டைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தான். கண் சிவந்திருந்தது. மாமனை இறுக்கிக் கட்டிப் பிடித்தவன் ஒரு வார்த்தை பேசவில்லை. வண்டியில் ஏறியபிறகும் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டான். அவன் தோள் குலுங்கியது. "பாவம் புள்ள" என்று சபிர்பெக் அவன் முழங்காலைத் தட்டிக் கொடுத்தார். அவன் இன்னும் அதிகமாகக் குலுங்கினான்.

தெரு முனையிலேயே புகை தெரிந்தது. வாசலில் பெரிய அண்டா அடுப்பேறியிருந்தது. ஆடு அறுத்திருந்தார்கள். வெள்ளை முக்காட்டுப் பெண்கள் உள்ளேயும் வெளியேயும் போய்க்கொண்டிருந்தார்கள். தெரிந்தவர்களின் கார் ஐந்தாறு நின்றது. இழவு வீட்டுக் கூடாரம் மட்டும் போடவில்லை. காற்றுக்குப் பயந்து போடாமல் விட்டிருப்பார்கள் என்று அவர் நினைத்தார்.

வண்டி நிற்பதற்குள் கதவைத் திறந்து இறங்கிவிட்டார். முறைப்படி இரண்டு கையையும் இடுப்பில் ஊன்றி, குனிந்து, முழுத் தொண்டையில் கதறிக்கொண்டு வாசலை நோக்கி நடந்தார்.

"ஓய், என் அப்கே! என்னைப் பெத்தவளே! என்னை விட்டுட்டுப் போயிட்டியே! ஓய், என் அப்கே!"

அண்டாவைச் சுற்றி நின்றவர்கள் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டார்கள். ஒருவன் வாயிலிருந்த கறியை விழுங்க மறந்தான். வாசல் கதவு படாரென்று திறந்தது. இடுப்பில் ஏப்ரனும் கையில் பெரிய கரண்டியுமாகக் கதிஷா வெளியே வந்தாள்.

"எவன்டா அவன், விருந்து வீட்டு வாசல்ல வந்து ஒப்பாரி வெக்கிறவன்? எவ போயிட்டா?"

சபிர்பெக் குனிந்தபடியே தலையை மட்டும் தூக்கினார். கதறுவதற்குத் திறந்த வாய் மூடவில்லை.

"நீ... நீ போயிட்ட..." என்றார்.

"எங்கடா போனேன்? அடுப்படிக்குத்தான் போனேன்!"

அதுவரை அடக்கி வைத்திருந்த தல்கத் காரின் முகப்பில் விழுந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். கதிஷா கரண்டியோடு அவன் பக்கம் திரும்பினாள். "அடப்பாவி, என்னடா சொல்லிக் கூப்பிட்ட என் தம்பியை?"

"நீதானம்மா சொன்ன, போன்ல விஷயத்தைச் சொல்லிடாத, சுயின்ஷி எனக்குத்தான்னு! வேற என்னன்னு சொல்றது? ஒண்ணுமில்ல, கிளம்பி வாங்கன்னேன்."

"அப்கேகிட்ட போனைக் குடுன்னேனே?" என்றார் சபிர்பெக்.

"நான் வாயைத் தொறந்தா அங்கயே கொட்டிடுவேன்னு இவன் என் வாயைப் பொத்திட்டான்டா," என்றாள் கதிஷா. கரண்டியைத் தரையில் போட்டுவிட்டு வந்து தம்பியின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்தாள். ஆட்டுக் கொழுப்பு வாசம் அடிக்கிற கை. "சுயின்ஷிடா சபிர்! சுயின்ஷி! உன் மகனுக்கு மகன் பொறந்திருக்கான்!"

நல்ல செய்தியை முதலில் சொல்கிறவருக்குக் கேட்ட பரிசு கொடுத்தாக வேண்டும். அதுதான் சுயின்ஷி. அதனால் அந்த ஊரில் நல்லதும் போனில் வராது. கெட்டதும் வராது. இரண்டையும் நேரில் வந்துதான் வாங்கிக்கொள்ள வேண்டும். இருபது வருடம் சாவையே சுமந்தவருக்கு இது மறந்தே போயிருந்தது.

மகன் ஜாந்தோஸும் மருமகள் தோர்கினும் ஏரிக்கு அந்தப் பக்கம் ஆட்டுப் பண்ணையில் இருந்தார்கள். இரண்டு பிள்ளை பிறந்து தங்கவில்லை. மூன்றாவது உண்டானதை யார் கண்ணும் படக்கூடாது என்று மறைத்து, பிரசவ நேரத்தில்தான் கதிஷா அவளைத் தன் வீட்டுக்கு அழைத்து வந்திருந்தாள். மாமனாரிடம் சொல்ல மருமகளுக்குக் கூச்சம். சொல்ல அப்கேக்குப் பயம்.

உள்ளே தோர்கின் வெட்கத்தோடு முக்காட்டை இழுத்துக்கொண்டு தலை குனிந்தாள். ஜாந்தோஸ் குழந்தையைத் தகப்பன் கையில் வைத்தான். ஒரு ரொட்டி அளவுகூட இல்லை. சபிர்பெக் அழுதார். வாசலில் அழுததன் மிச்சமே நிறைய இருந்தது, அதை இதற்குச் செலவழித்தார். அல்ஹம்துலில்லாஹ், அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

"அழுதது போதும், பாங்கு சொல்லு," என்றாள் கதிஷா. "அதுக்குத்தான் விமானத்துல வரவழைச்சேன். உன் டயரை நம்பிக் காத்திருந்தா இவன் பேரில்லாமலே தாடி வளர்த்துடுவான்."

அவர் குழந்தையின் காதோடு வாயை வைத்துப் பாங்கு சொன்னார். பிறகு மூன்று தரம் பேர் சொன்னார்: "தினிஷ்பெக், தினிஷ்பெக், தினிஷ்பெக்."

தினிஷ் என்றால் அமைதி. காற்று அடங்கிய பிறகு ஏரியில் இருக்குமே, அது.

அப்போது அவர் போன் அடித்தது. ஓரல்கான். "அகா, போய்ச் சேர்ந்துட்டீங்களா? மண்ணு போட்டீங்களா? நான் யாசீன் ஓதி முடிச்சுட்டேன்."

சபிர்பெக் அப்கேயைப் பார்த்தார். கண்ணைத் துடைத்தார். சொல்லலாம் என்று வாயைத் திறந்தவர், திறந்த வாயை மூடிக்கொண்டார்.

"ஒண்ணுமில்ல ஓரல்கான்," என்றார். "நேர்ல வந்து சொல்றேன்."

சுயின்ஷியாகக் கதிஷா கேட்டது ஒன்றுதான்: "நானும் ஒரு தடவை மேலேர்ந்து பாக்கணும்டா." அடுத்த வாரம், காற்றில்லாத ஒரு காலையில், அவர் டிக்கெட் எடுத்தார். வழி முழுக்க அவள் ஜன்னலை விட்டு முகத்தை எடுக்கவில்லை. "இந்த நூலுலயாடா இத்தனை வருஷம் ஓடின?" என்று ஒருமுறை கேட்டாள். அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அதற்குப் பிறகு இறங்கும்வரை விடவில்லை.

ஓஸ்கெமெனில் இறங்கி, ஒரு ஆட்டுத் தொடையைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு, அவள் நேராக மரத்தடிக்கு நடந்தாள். சபிர்பெக் பின்னால் வந்தார்.

"யாருப்பா இங்க ஓரல்கான்?"

"நான்தான் அப்கே. எங்க போகணும்?"

"எங்கயும் போகணும்னு இப்ப அவசரம் இல்லை. நான் கதிஷா. எனக்கு யாசீன் ஓதினவன் நீதானே?"

ஓரல்கானின் கையிலிருந்த சூரியகாந்தி விதை முழுவதும் கொட்டியது. அவனுக்குப் பேச்சில்லாமல் போனதை மரத்தடி அன்றைக்குத்தான் பார்த்தது.

"திருப்பிக் கேக்காதே, தர மாட்டேன்," என்றாள் கதிஷா. தொடையை அவன் கையில் வைத்தாள். "ஓதினது ஓதினதா இருக்கட்டும். எனக்கு முன்னாடி போய் எனக்காகக் காத்துக்கிட்டு இருக்கும். நான் மெதுவா வர்றேன். இதுல ஒரு பங்கு, வீட்டுல மாவு தீர்ந்துபோய் ஆமீன் சொன்னானாமே, அவனுக்கு."